பழனிமுத்து ஒருவரா, இருவரா?

எதிர்வீட்டுப் பேத்தி கல்லூரியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்திருக்கிறாள். விடுமுறைக்கு மணலூர்பேட்டை வந்தால், நோட்டோடு என் திண்ணைக்கு வந்துவிடுவாள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது தெருவுக்கே தெரியும்.

"தாத்தா, கடைசி எழுத்தை எழுதிவிட்டு ஏன் விழுங்குகிறார்கள்?" என்பாள். ஒரு காலத்தில் ஒலித்த எழுத்துதான் அது. நாக்கு விட்டுவிட்டது, கை விடவில்லை. மூக்கொலி வரவில்லை என்று ஒருநாள் அழாத குறை. "அவன் வந்தான்" என்று வேகமாகச் சொல்லச் சொன்னேன். கடைசி 'ன்' நாக்கில் நிற்காமல் மூக்கில் போனது. "இவ்வளவுதானா?" என்று சிரித்தாள்.

சென்ற மாதம் என் பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்தவள், "பெயரையே தப்பாக எழுதியிருக்கிறார்களே!" என்றாள். தப்பில்லை அம்மா, அது பிரெஞ்சுக் காதுக்கு எழுதியது என்றேன்.

அந்த மொழியில் 'யூ' எழுத்தைத் தனியாக எழுதினால், உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்வது போன்ற ஒலி வரும். நம் உகரம் வேண்டுமென்றால் 'ஓ', 'யூ' இரண்டும் சேர வேண்டும். முத்துவுக்கும் அப்படித்தான், பாகூருக்கும் அப்படித்தான். நம் ஊரில் ஓடும் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் போய்ச் சேரும் அதே பாகூர்தான். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் 'இசட்' போல ஒலிக்கும். ஆகவே கந்தசாமிக்கு இரண்டு 'எஸ்'. பழனியின் ழகரத்துக்கு 'ஜே' எழுத்து. அவர்களுடைய 'ஜே' நம் 'ஜ' போல அழுத்தமானதல்ல.

"கதவு ஏன் பெண்பால்?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. காரணம் கிடையாது, 'லா' சேர்த்தே மனப்பாடம் செய் என்று சொல்லி, பொன்னுத்தம்பி பிள்ளையின் கதையைச் சொன்னேன். காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை முறையிட்டு வென்ற புதுச்சேரி வழக்கறிஞர் அவர். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை, இந்தியர்கள் தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொண்டார்கள். அவர் வைத்துக்கொண்ட பெயர் லாபோர்த். கதவு என்று பொருள். அந்த 'லா' அவள் மனதில் நின்றுவிட்டது.

நான் ஓய்வு பெற்றபோது நடந்ததையும் சொன்னேன். சான்றிதழில் பிரெஞ்சு எழுத்து, பணிப்பதிவேட்டில் ஆங்கில எழுத்து. "இது யார், அது யார்?" என்று கேட்டு ஓர் அலுவலகம் என் ஓய்வூதியக் கோப்பை ஐந்து மாதம் நிறுத்தி வைத்தது. முப்பது வருடம் பிறர் கோப்புகளைப் பார்த்த நான், இரண்டு பழனிமுத்துவும் ஒருவனே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அந்தக் குடும்பங்களுக்கும், என் போன்றவர்களுக்கும் பழைய பிறப்புப் பதிவு இன்னும் தேவைப்படுகிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்தால், பிழை என்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள். இரண்டு எழுத்துமுறையும் ஒருவருக்கே உரியவை என்று உறுதிமொழி எழுதி, அதனுடன் சேர்த்து வையுங்கள். அதுவும் ஓய்வு பெறுவதற்கு முன்பே.