ராதை பேசலாம், முத்துப்பழனி பேசக்கூடாது

எங்க ஊர் குடுபல்லி. குப்பம் பக்கம், ஆந்திரா கணக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ரெண்டிலும் அரைகுறை :-)

போன வாரம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது ஈரான்காரத் தோழி ஒருவர் ஃபரூக் ஃபரோக்ஸாத் பற்றிப் பேசினார். பாரசீகத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தானாம். ஹாஃபிஸ் பாடுவது ஆணையா, பெண்ணையா, ஆண்டவனையா என்று எப்படியும் வாதாடலாம். 1954இல் ஃபரூக் 'குனாஹ்' (அதாவது பாவம்) என்ற கவிதையில் ஒரு பெண்ணாக நின்று, 'நான்' என்று தன் ஆசையைச் சொன்னதும் தெஹ்ரானில் ஒரே கூச்சல். "உங்க பக்கம் இப்படி யாராவது உண்டா?" என்று கேட்டார்.

முதலில் ஞாபகம் வந்தது திருப்பதி அன்னமய்யாதான். செப்பேட்டில் வெட்டிவைத்த அவருடைய பாட்டுகளில் ஆன்மிகத்தைவிட சிருங்காரம்தான் அதிகம். அலமேல்மங்கையின் ஏக்கத்தை, ஊடலை அவர் பெண் குரலிலேயே பாடுவார். 15ஆம் நூற்றாண்டு ஆள். ஆண் பாடினால் பக்தி, யாரும் முகம் சுளிக்கவில்லை.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி ஒரு தேவதாசி. தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' எழுதினார். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைத் தானே கண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டு, பிறகு பொறாமையில் வேகிறாள். கண்ணன்தான் இறங்கிவந்து சமாதானம் செய்ய வேண்டும். இன்பம் கேட்கிறவளும் அவள்தான். அந்த அவையில் அதற்கு மரியாதைதான் கிடைத்தது.

வம்பு வந்தது நவீன காலத்தில்! சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் (விதவை மறுமணத்துக்குப் போராடியவர், நல்ல மனிதர்தான்) ஒரு பெண் வாயில் வரக்கூடாத பேச்சு என்று இதைத் திட்டினார். பெங்களூர் நாகரத்தினம்மா விடவில்லை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டினாரே, அவரேதான். சுவடி தேடி, விடுபட்ட பாடல்களைச் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். வெட்கமெல்லாம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண் கவிகளுக்குக் கிடையாதா என்று முன்னுரையிலேயே கேட்டார். 1911இல் வெள்ளைக்கார அரசு புத்தகத்தைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது.

நடுவில் தெலுங்குக் காதல் கவிதை 'சுத்தமாகி' விட்டது. ராயப்ரோலு சுப்பாராவ் உடம்பு படாத காதலைக் கொள்கையாகவே வைத்தார். தேவுலபல்லி கிருஷ்ணசாஸ்திரியின் 'கிருஷ்ணபக்ஷம்' (1925) வந்தபோது காதலி எட்டாத கனவாகிப் போனாள். எனக்கு கிருஷ்ணசாஸ்திரி ரொம்பப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்ன நினைத்தாள்? அதை அவளே சொல்ல, 1980களில் பெண்ணியக் கவிஞர்கள் வரவேண்டியிருந்தது. 1993இல் ஓல்கா தொகுத்த 'நீலி மேகாலு'வில் அந்தக் குரல்களைக் கேட்கலாம்.

எங்க தெலுங்குப் பாடப் புத்தகத்தில் கிருஷ்ணசாஸ்திரி இருந்தார். முத்துப்பழனி பெயரை நான் முதன்முதலில் பார்த்தது இந்த ஊர் நூலகத்தில், இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில். தோழியிடம் அதைச் சொன்னேன். ஃபரூக்கை அவரும் வீட்டுக்குத் தெரியாமல்தான் படித்தாராம்.