புனேயில் உருவான தடுப்பூசியும் ஆண்களின் எச்.பி.வி. தொற்றும்

எச்.பி.வி. என்றதும் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 2023இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, உலகில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் இவ்வைரஸ் இருக்கிறது. ஐவரில் ஒருவரிடம் இருப்பது புற்றுநோயை உண்டாக்கவல்ல வகை. அப்படியிருந்தும் பெண்ணுக்குத் தொற்றைக் கடத்துபவர் என்ற அளவில்தான் ஆண் பேசப்படுகிறார். இந்தப் பார்வை சிகிச்சையறையிலும் தடுப்பூசிக் கொள்கையிலும் தவறுகளுக்கு இடமளிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனைவியின் பரிசோதனை முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும், “எனக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கணவர் கேட்பது இயல்பு. ஆனால் ஆண்களுக்கென்று ஏற்கப்பட்ட எச்.பி.வி. பரிசோதனை கிடையாது. பெண்ணுக்கு வைரஸ் தெரிந்தால் அடுத்து கருப்பைவாயைப் பார்க்கலாம், புற்றுக்கு முந்தைய மாற்றத்தை அகற்றலாம். ஆணுக்கு அப்படி அடுத்த படி இல்லை. வைரஸை அழிக்கும் மருந்தும் இல்லை. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடும். தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது; பல ஆண்டுகள் வெளித்தெரியாமலும் இருக்கலாம். எனவே பாசிட்டிவ் முடிவு துரோகத்துக்குச் சான்றாகாது. இதைத் தம்பதியை ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வதும் சிகிச்சையே. எத்தனையோ குடும்பங்களில் இந்தப் பேச்சு நடக்காததால்தான் சந்தேகம் வேர்விடுகிறது.

கண்ணுக்குத் தெரிவதற்குச் சிகிச்சை உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பது 6, 11 என்ற இரு வகைகளால் வருபவை. முன்தோலின் உள்மடிப்பில் கடுகளவில் தொடங்கி, காலிஃபிளவர் போலக் கொத்தாகும். இமிக்விமோட் களிம்பு, உறைய வைத்தல், மின்சூட்டால் பொசுக்குதல் என வழிகள் உண்டு. முதல் சில மாதங்களில் மரு திரும்ப வந்தால் அதைப் புதுத் தொற்று என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பின்னுக்குத் தள்ள முடியாத முன்தோல், ஆறாத புண் ஆகியவற்றுக்குக் களிம்பு தடவிக் காத்திருக்கக் கூடாது. திசுச் சோதனை தேவை. ஆண்குறிப் புற்றில் ஏறத்தாழ பாதி எச்.பி.வி.யோடு தொடர்புடையது. வெட்கத்தால் தாமதித்து வருபவர் உறுப்பையே இழக்க நேர்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆசனவாய்ப் புற்றின் அபாயம் மிகுதி; புற்றுக்கு முந்தைய நிலையிலேயே சிகிச்சையளித்தால் அப்புற்று 57 விழுக்காடு குறைகிறது என்று 2022இல் ‘ஆங்கர்’ ஆய்வு காட்டியது.

புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவாக் தடுப்பூசி 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. வைரஸின் எல்-1 புரதத்தை ஈஸ்ட் செல்லில் விளைவித்தால், 360 மூலக்கூறுகள் தாமே கூடி வைரஸ் கூடு போல அமைகின்றன. உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் நோய் உண்டாக்காது. 2022 ஜூலையில் உரிமம் பெற்ற இந்தத் தடுப்பூசி 9 முதல் 14 வயதுச் சிறுவர்களிடமும் இந்தியாவிலேயே சோதிக்கப்பட்டது. அந்தச் சிறுவர்கள் கைநீட்டிப் பெற்றுத் தந்த சான்று நம்மிடம் இருக்கிறது. ஆயினும் ‘கருப்பைவாய்த் தடுப்பூசி’ என்ற பேச்சில் மகனை யாரும் எண்ணுவதில்லை; 2024 இடைக்கால பட்ஜெட் உரையும் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளையே குறிப்பிட்டது.

சிறுமிகளுக்கு முதலிடம் தருவது சரியே. இந்தியாவில் கருப்பைவாய்ப் புற்றின் சுமை அவ்வளவு. பெண்களுக்குப் பரவலாகப் போட்டால் ஆண்களும் காக்கப்படுவர் என்ற வாதத்துக்கும் வலு உண்டு. ஆஸ்திரேலியாவில் 2007இல் சிறுமிகளுக்குத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பெண்களோடு உறவுகொள்ளும் இளைஞர்களிடம் மருக்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களை அந்தக் கேடயம் எட்டவில்லை. 2013இல் அந்நாடு சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டது. சிறுமிகளிடையே தடுப்பூசிப் பரவல் குறைவாக இருக்கும் வரை மற்ற ஆண்களுக்கும் இந்த மறைமுகப் பாதுகாப்பு மெலிந்தே இருக்கும்.

சிறுவர்களையும் சேர்ப்பதற்குத் தடை செலவுதான். 2023இல் சந்தைக்கு வந்தபோது ஒரு தவணை 2,000 ரூபாய். தவணைகளைக் குறைத்துச் செலவைச் சுருக்கவும் வழிகாட்டுவது இந்திய அனுபவமே. 2009இல் புனே உள்ளிட்ட இடங்களில் சிறுமிகளிடம் தொடங்கிய ஆய்வில், 2010இல் அரசு ஊசியை நிறுத்தியதால் பலர் ஒரே தவணையோடு நின்றனர். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்தபோது, 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து ஏறத்தாழ 95 விழுக்காடு பாதுகாப்பு தெரியவந்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை முறையையும் ஏற்றது. ஆண்களிடம் ஒரு தவணைக்கான சான்று இன்னும் மெலிது. அந்த ஆய்வைச் சிறுவர்களிடம் நடத்த, தடுப்பூசியும் அனுபவமுள்ள ஆய்வாளர்களும் ஒரே ஊரில் இருக்கும் புனேயைவிடப் பொருத்தமான இடம் அரிது.