பாட்டிலிருந்து நாவலுக்கு: நகானிஷி ரேய்

1938இல் மஞ்சூரியாவில் பிறந்து, 1945இல் சோவியத் படையெடுப்பால் அகதியாகி, தந்தையை இழந்து ஜப்பான் திரும்பிய நகானிஷி ரேய், மாணவப் பருவத்திலேயே 'ஷான்சோன்' எனப்படும் பிரெஞ்சு மெல்லிசைப் பாடல்களை ஜப்பானியத்தில் பெயர்த்துப் பொருளீட்டினார். ஜப்பான் ரெக்கார்டு விருது வென்ற மூன்று பாடல்களை (1968, 1970, 1982) எழுதிய அவர், அறுபதை நெருங்கிய வயதில், கடனில் மூழ்கித் தம்மையும் இழுத்துச் சென்ற அண்ணனைப் பற்றிய 'கியோதாய்' நாவலோடு புனைகதைக்குள் புகுந்தார். வெகுசன இலக்கியத்துக்கான நவோகி பரிசை 2000இல் ஈட்டித்தந்த 'நாகசாகி புராபுரா புஷி', விருந்துகளில் ஆடிப்பாடும் கலைஞரான கெய்ஷா ஐஹாச்சியும் உள்ளூர் வரலாற்றறிஞர் கோகா ஜூஜிரோவும் மறைந்துகொண்டிருந்த பழம்பாடல்களைத் தேடித் திரட்டிய கதையைச் சொல்கிறது. பாட்டின் அருமையை உள்ளிருந்தே உணர்ந்தவரின் பரிவு அதில் நிறைந்திருப்பதால், அவருடைய நாவல்களுள் முதலில் படிக்கத்தக்கது அதுவே.