வஜ்ரமுஷ்டி

மராட்டியக் கிராமங்களில் ஜாத்ரா என்னும் திருவிழா நடைபெறுங்கால் குஸ்திப் போட்டி இல்லாமலிராது. மும்பையிலும், நெருள் முதலான அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர்களுள் பலர் அதனைக் கண்டிருக்கக் கூடும். எதிரியின் முதுகு மண்ணிற் பட்டால் வெற்றி. அங்கே குத்துக்கு இடமில்லை. ஆனால், திருநாளன்று குருதி சிந்தியே தீரவேண்டும் என்று விதித்த போர்முறை ஒன்று நம் நாட்டில் உண்டு. ஆண்டுக்கு ஒருநாள், ஒரு சில கணங்கள், மைசூர் அரண்மனையில் அது இன்றும் நடைபெற்று வருகின்றது. அதற்கு வஜ்ரமுஷ்டி என்று பெயர்.

விஜயதசமியன்று காலையில் அரண்மனை முற்றத்தில் மண் பரப்பிய களம் அமைக்கப்படுகின்றது. ஜெட்டி என்னும் மல்லர் குலத்தைச் சேர்ந்த நால்வர், தலை மழித்து, கச்சை கட்டி, இருவர் இருவராக எதிர் நிற்கின்றனர். விரல்களுக்குள் அடங்கும் கருவி ஒன்று, கொம்பினாலோ தந்தத்தினாலோ கடைந்தது, ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். குறி, எதிரியின் தலை. எவர் தலையிலேனும் முதல் துளி குருதி தோன்றியதும் நடுவர்கள் இடைபுகுந்து விலக்கிவிடுவர். பல சமயங்களில் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அதன் பின்னரே மன்னர் குடும்பத்தார் வன்னிமரப் பூசைக்குப் புறப்படுகின்றனர்.

இவ்வழக்கம் மைசூரில் தோன்றியதன்று. 1535ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிஸ், மகாநவமி விழாவில் அரசர் முன்னிலையில் பொருத 1,000 மல்லர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கின்றார். கூர்முனை கொண்ட வளையங்களைக் கையிற் பற்றி அவர்கள் ஒருவரையொருவர் தாக்கினர் என்றும், மிகுதியாகக் காயமுற்றவனே அரசரிடம் பட்டாடை பெற்றான் என்றும் அவர் கூறுகின்றார். வென்றவனுக்கன்று, புண்பட்டவனுக்குப் பரிசு! இச்செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நவராத்திரி விழாவைத் தொடங்கியபோது அந்தப் பழைய மரபையே மேற்கொண்டார். திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டிருந்த ஜேம்ஸ் ஸ்கரி என்ற ஆங்கிலேயரும், விரல் மூட்டுகளில் எஃகு நகங்கள் பொருத்திப் பொருத ஜெட்டிகளைக் குறித்துத் தம் நூலில் வருணித்திருக்கின்றார்.

தமிழ்நாட்டிற்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடுகின்றது. மதுரையில் திருமாலுக்குரிய ஓண நன்னாளில் சேரி மறவர்கள் தம்முள் பொருததையும், அவர்தம் நெற்றியில் இருந்த வடுக்களையும் மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. விழாவும் வடுவும் அன்றே சேர்ந்திருந்தன.

ஜெட்டிகள் தம்மை ஜ்யேஷ்டிமல்லர் என்பர். குஜராத்திலுள்ள மொதேரா அவர்தம் பூர்விகம். நிம்பஜா தேவி குலதெய்வம். எலும்பு முறிவுக்குக் கட்டுவதும் உடம்பு பிடித்துவிடுவதும் அவர்கள் கைவந்த தொழில்கள். அடிக்கத் தெரிந்த கை, ஆற்றவும் தெரிந்திருந்தது. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. விழாவின் ஊர்வலமும் ஆரவாரமும் அரசாங்கத்தின் பொறுப்பாயின. வஜ்ரமுஷ்டி மட்டும் அரண்மனைக்குள்ளேயே நின்றுவிட்டது. இப்பொழுது களம் இறங்கும் இளைஞர்கள் வேறு வேலை பார்ப்பவர்கள். விழாவுக்குச் சில வாரங்கள் முன்னிருந்து விரதம் காத்துப் பயில்கின்றனர்.

இதனோடு பர்மாவின் லெத்வேயை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1960களில் அந்நாட்டினின்று திரும்பிய தமிழர்க்கு அது தெரிந்த காட்சி. மோன், கரேன் பகுதிகளில் பகோடாத் திருவிழாக்களில், கொட்டும் குழலும் முழங்க, துணி சுற்றிய வெறுங்கையால் பொருவர். முழங்கை, முழங்கால், தலை எல்லாம் ஆயுதங்கள்தாம். மடித்த கையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி அறைகூவுவதைக் காண்போர்க்கு, தோள் தட்டும் நம் மல்லர் நினைவே வரும். மரபு விதிப்படி மதிப்பெண் கிடையாது. இறுதிவரை இருவரும் நின்றால் சமன். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கலந்துகொண்ட கியா பா ஞெயின் என்பவர், நாடு திரும்பிக் கிராமங்களில் அலைந்து, இக்கலைக்கு விதிகள் வகுத்து இளைஞர்களைப் பழக்கினார். அதே ஹெல்சிங்கியில்தான் சாதாரா மாவட்டத்துக் குஸ்தி வீரர் காஷாபா ஜாதவ் வெண்கலப் பதக்கம் பெற்றார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

கியா பா ஞெயின் செய்ததுபோல் வஜ்ரமுஷ்டிக்கு ஒருவரும் செய்யவில்லை. ஆதலால் லெத்வே உலக அரங்கம் ஏறிற்று. நமது கலை ஒரு சடங்காய்ச் சுருங்கிற்று. இதற்காக வருந்துவோர் உளர். நாம் முழுமையாக வருந்தமாட்டோம். பர்மியத் திருவிழாக்களில் சிறுவர்களும் களம் இறங்குகின்றனர்; உயரம் பார்த்து இணை சேர்த்து, கிடைக்கும் சிறு தொகையை வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். அந்த இளந்தலைகள் தாங்கும் அடிகளுக்குக் கணக்கு ஏது? மைசூரிலோ கணக்கு ஒரு துளிதான். மைசூரும் பெங்களூரும் சென்னப்பட்டணமும் சாமராஜநகரமும் அனுப்பும் அந்த நால்வருள் குருதி சிந்தியவர் காயத்தோடு களம் விட்டு நீங்குகின்றனர். மழித்த தலையில் மயிர் வளர்ந்து வடு மறையும் வரையில், அலுவலகத்தில் கேட்பவர்க்கெல்லாம் அவர்கள் விடை சொல்ல வேண்டியிருக்கும்.