கண்ணாடிக்கு அடியில் ஒரு பள்ளம்

கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் தன் குழந்தை விழுந்துவிடுமோ என்று உளவியலாளர் எலினார் கிப்சன் பதறியதில்தான் ‘விஷுவல் கிளிஃப்’ (பார்வைப் பள்ளம்) என்ற சோதனை உதித்தது என்றொரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘விஷுவல் கிளிஃப்’ உருவானது எலிகளுக்காக.

1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் பார்வையை ஆராய்வதற்காகச் சில எலிகளை இருட்டிலேயே வளர்த்தார்கள். லேசுப்பட்ட வேலையல்ல அது. இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை ஒரே சோதனையோடு விடுவானேன்? ஆழம் தெரிகிறதா என்றும் பார்த்துவிடலாமே! கண்ணாடியை உயரத்தில் பொருத்தினார்கள். ஒரு பாதிக்குக் கட்டம் போட்ட தாளைக் கண்ணாடியோடு ஒட்டினார்கள். மறு பாதிக்கு அதே தாளைக் கீழே தள்ளி விரித்தார்கள். நடுவே ஒரு பலகை. வெளிச்சத்தையே அறியாத எலிகளும் மேடான பக்கமே இறங்கின. பிறந்து ஒரு நாளான ஆட்டுக்குட்டியும் பள்ளத்துப் பக்கம் கால் வைக்கவில்லை.

இதில் கிப்சனுக்குச் சம்பளம் கிடையாது. கணவர் அங்கே பேராசிரியர் என்பதால் மனைவிக்கு ஆசிரியப் பணி தர விதி இடம் தரவில்லை. நல்ல நியாயம்!

பிறகு குழந்தைகளின் முறை. 6 முதல் 14 மாதம் வரையிலான 36 பேர். பலகையில் குழந்தையை விட்டதும், அம்மா இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று கூப்பிட்டார். மேட்டுப் பக்கம் 27 பேர் தவழ்ந்து போனார்கள். பள்ளத்தின் மேல் போனவர்கள் மூன்றே பேர். சிலர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தும் நம்பவில்லை; அம்மாவிடம் போக முடியாமல் அழுதார்கள். 1960இல் முடிவு வெளியானது.

பயம் பிறவியிலேயே வருவது என்று பலர் முடிவுகட்டினார்கள். அவசர முடிவு. சோதிக்கப்பட்ட குழந்தைகள் ஏற்கெனவே தவழத் தெரிந்தவர்கள். தவழாத சிசுக்களைப் பள்ளத்தின் மேல் படுக்கவைத்துப் பார்த்தார் உளவியலாளர் ஜோசப் கேம்போஸ். இதயத்துடிப்பு கூடவில்லை, குறைந்தது: கவனிப்பின் அடையாளம், பயத்தின் அடையாளமல்ல. ஆழம் சீக்கிரமே கண்ணுக்குப் பட்டுவிடுகிறது. அதற்கு அஞ்ச வேண்டும் என்பது பிறகுதான் வருகிறது.

கிப்சனின் பலகையில் திரும்ப முயன்ற சில குழந்தைகளின் உடல் பின்பக்கமாகப் பள்ளத்தின் மேல் போய்விட்டது, கண்ணாடிதான் தாங்கியது. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் மாடிப்படிக்கும் கண்ணாடி இல்லை. ‘குழந்தைக்கே தெரியும்’ என்று விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.