புயலுக்குப் பின் வரும் இருள்

சிற்றூர்களில் மின்சாரம் நுழையாத காலத்தில், நம் மாட்டுத் தொழுவத்திற்கும் வயல் வரப்பிற்கும் ஒளி தந்தது அரிக்கேன் விளக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் சுடர் நிற்பதால் அது காற்றில் எளிதில் அணையாது. ஆனால் அதன் பெயரோ கடல் கடந்து வந்தது. கரிபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் பெரும்புயலுக்கு வழங்கிய சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். அதுவே ஒரு விளக்கின் பெயராக நம் திண்ணை வரை வந்து சேர்ந்தது. வங்கக் கடலில் புயல் என்பதும் கரிபியக் கடலில் அரிக்கேன் என்பதும் ஒரே இனம். வெம்மையான கடல்நீரிலிருந்து ஆற்றல் பெற்று, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்று வரும் காற்றே இரண்டும்.

இத்தகைய காற்றை எதிர்நோக்கி ஒரு குடும்பம் எவ்வாறு ஆயத்தமாவது? இவ்வினாவிற்குரிய விடையைப் போர்ட்டோ ரிக்கோ என்னும் ஒரே தீவின் வரலாற்றில் காணலாம். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஸ்பானியர் ஆட்சியிலிருந்து, 1898இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்கு மாறிய தீவு அது. புயல் எந்தப் புனிதரின் திருநாளில் தாக்கியதோ, அப்புனிதரின் பெயரையே அதற்கு இடுவது அத்தீவினர் வழக்கமாயிருந்தது.

1899 ஆகஸ்டு 8ஆம் நாள் வந்தது சான் சிரியாக்கோ. காற்றினும் மழையே அன்று பெருங்கேடு விளைத்தது. மலைகளில் கொட்டிய மழை ஆறுகளைப் பெருக்க, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பெரும்பாலோர் வெள்ளத்தில் மூழ்கியவர். காப்பித் தோட்டங்கள் அழிந்தன. பிழைப்பற்ற தொழிலாளர் பலர் அடுத்த ஆண்டு முதல் தொலைவிலுள்ள ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர்.

அத்தீவின் மலைநாட்டு உழவரிடம் ஓர் அரிய கட்டட முறை இருந்தது. அதனைத் தொர்மென்டெரா என்பர். புயற்குடில் என நாம் கூறலாம். சுவரென்பதே இல்லாமல், கூரையின் இருபுறமும் சரிந்து தரையைத் தொடுமாறு அமைத்த தாழ்ந்த குடில் அது. மோதித் தள்ளுவதற்கு நிமிர்ந்த சுவர் இல்லையாதலால், காற்று சரிவின்மேல் ஏறி வழுவிச் சென்றது. வாழும் வீடு விழுந்தாலும் குடும்பம் பிழைத்தது.

1928 செப்டம்பர் 13ஆம் நாள் சான் பெலிப்பே வந்தது. அத்தீவைத் தாக்கிய புயல்களுள் மிக வலியது அதுவே என இன்றளவும் மதிக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் வீடிழந்தனர். ஆயினும் இறந்தோர் 312 பேர் எனக் கணக்கிடப்பட்டது. புயல் கடுமையாயிருந்தும் சாவு குறைந்தது ஏன்? முதல்நாட் காலையிலேயே எச்சரிக்கை புறப்பட்டுவிட்டது. காவல் நிலையங்களுக்குச் செய்தி பறந்தது. கடற்படையின் வானொலி நிலையம் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிற்று. கதவை இறுக்கவும், மேட்டு நிலத்திற்கோ புயற்குடிலுக்கோ செல்லவும் மக்களுக்கு அவகாசம் கிடைத்தது.

அதே புயல் மூன்று நாட்களில் பிளாரிடாவை அடைந்தது. ஓக்கிச்சோபி ஏரிக்கரை மக்கள் எச்சரிக்கை கேட்டு முதலில் வெளியேறினர். சொன்ன நேரத்தில் புயல் வரவில்லை; ஆபத்து விலகிற்றெனக் கருதிப் பலர் வீடு திரும்பினர். அன்றிரவு ஏரியின் மண்கரை உடைந்தது. ஈராயிரத்து ஐந்நூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். எச்சரிக்கையைக் கேட்பது பாதி. அதில் உறுதியாய் நிற்பதே மறுபாதி.

இனி மூன்றாம் புயலுக்கு வருவோம். 2017 செப்டம்பர் 20இல் மரியா போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. செயற்கைக்கோள் படங்கள் அதன் வழியை முன்னரே காட்டின. அரசு முதலில் அறிவித்த சாவுக் கணக்கு 64. ஆனால் தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அனைவருக்கும் அது மீள ஏறத்தாழ பதினொரு மாதங்கள் சென்றன. மின்சாரமின்றி நீரேற்றும் எந்திரம் நின்றது, தொலைபேசி ஊமையாயிற்று, இன்சுலின் மருந்தைக் காக்கும் குளிர்பெட்டி வெம்மையுற்றது, மூச்சுக்கருவிகளும் சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவிகளும் தடைப்பட்டன. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அடுத்த பிப்ரவரி வரையிலான இறப்புகளை ஆராய்ந்து, வழக்கத்தினும் மிகுதியாக இறந்தோர் 2,975 பேர் என மதிப்பிட்டனர். அரசும் 2018இல் அக்கணக்கை ஏற்றது. முதியோரும் வறிய ஊரினருமே மிகுதியும் பாதிக்கப்பட்டனர்.

மாணவர்களே! இங்கே ஒரு மாற்றத்தைக் காணுங்கள். 1899இல் புயல் ஒரு நாளில் கொன்றது. 2017இல் அதனைத் தொடர்ந்த இருள் பல மாதங்கள் கொன்றது. மின்சாரத்தையே நம்பி நாம் வாழ்வை அமைத்துக்கொண்டதால், கூரையைக் காப்பதோடு ஆயத்தம் முடிவதில்லை.

நம் நாட்டிற்கும் இது பொருந்தும். 2018 நவம்பர் 16இல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. காவிரிக் கழிமுகத்து ஊர்கள் பல, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

ஆகவே, புயலை எதிர்நோக்கும் வீட்டார் தம்மைத் தாமே கேட்கத்தக்க வினா, 'காற்று அடங்கிய பின், மின்சாரமின்றி எத்தனை நாள் வாழ்வோம்?' என்பதே. குடிநீரும் உணவும் மூன்று நாளுக்கு வேண்டும் என்பது பழைய கணக்கு. மரியாவுக்குப் பின் பத்து நாளுக்கு வேண்டும் என்பது அத்தீவினர்க்குரிய அறிவுரையாயிற்று. ஒருவர்க்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் நீர் என்று கணக்கிட்டு, மின்சாரம் இருக்கும்போதே நிரப்பி வைத்தல் வேண்டும். நோயாளியின் மருந்து எத்தனை நாளுக்கு உள்ளது, குளிரின்றி எவ்வளவு காலம் கெடாது என்பவற்றை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் வானொலியும் கைவிளக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜெனரேட்டர் உள்ளவர் அதை வீட்டினுள் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள மணமற்ற நச்சுவாயு உறங்குவோரைக் கொன்றுவிடும். அறுந்து கிடக்கும் கம்பியை எவரும் தொடலாகாது.

இவை எல்லாவற்றிலும் சிறந்த ஆயத்தம் ஒன்றுண்டு. உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், அன்றாடம் மருந்தை நம்பி வாழ்பவர் யார் என்பதைப் புயற்காலம் தொடங்கு முன்பே அறிந்து வையுங்கள். காற்று ஓய்ந்த மறுநாட் காலையில் நீங்கள் முதலில் தட்ட வேண்டியது அவர்களுடைய கதவை.