வலி உண்மையைத் தருமா? அறிவொளிக் காலமும் சித்திரவதை ஒழிப்பும்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வரலாற்றைப் பயிலும்போது 'அறிவொளிக் காலம்' என்னும் தொடரை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். பகுத்தறிவும் உரிமையும் சமயப் பொறையும் அக்காலத்தில் முழங்கப்பட்டன என்பதை அறிவோம். ஆயினும், ஒரு கருத்து ஏட்டிலிருந்து இறங்கி மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய, ஏதேனும் ஒரு கூறினை அணுகி ஆராய்தல் வேண்டும். இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது, நீதிமன்றங்களில் சட்டப்படியே நிகழ்ந்துவந்த சித்திரவதை ஒழிந்த வரலாறாகும்.

சட்டத்தின் பெயரால்

அக்காலத்துச் சித்திரவதையைத் தீயோர் சிலரின் கொடுஞ்செயல் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது முறையான விசாரணையின் ஓர் அங்கமாக இருந்தது. கொடுங்குற்றம் ஒன்றிற்கு மரண தண்டனை வழங்க, கண்ணாற் கண்ட சாட்சியர் இருவர் வேண்டும். அல்லது குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். மறைவில் நிகழும் குற்றத்திற்கு இரு சாட்சியர் கிடைப்பது அரிது. ஆகவே, ஐயம் வலுத்தபோது ஒப்புதலை வருவிக்க உடலை வருத்தினர். பிரான்சில் 1670 இன் குற்றவியல் ஆணைப்படி விசாரணை மறைவாகவே நடந்தது. கொடுங்குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக வாதாட வழக்கறிஞர் பொதுவாக அனுமதிக்கப்படவில்லை.

துலூஸ் நகரத்து வழக்கு

இம்முறையின் குறையை உலகறியச் செய்தது ழான் கலாஸ் என்னும் துணி வணிகரின் வழக்கு. அவர் சீர்திருத்தக் கிறித்துவர். 1685 இல் நாந்து ஆணை நீக்கப்பட்டபின், பிரான்சில் அச்சமயத்தார்க்குச் சட்டத்தின் காப்பு இல்லை. சட்டம் பயின்ற அவருடைய மூத்த மகன் மார்க் அந்துவான், கத்தோலிக்கர் என்னும் சான்றிதழ் இல்லாமையால் வழக்கறிஞராக இயலவில்லை. 1761 அக்டோபர் 13 ஆம் நாள் இரவு அவ்விளைஞர் வீட்டிலேயே இறந்து கிடந்தார். மதம் மாற எண்ணிய மகனைத் தந்தையே கொன்றார் என்னும் வதந்தி நகரெங்கும் பரவியது. தற்கொலை செய்துகொண்டோரின் உடலைத் தெருவில் இழுத்துச் செல்லும் வழக்கம் அன்று இருந்ததால், குடும்பத்தார் முதலில் தூக்கினை மறைத்துப் பேசினர். அதுவே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

1762 மார்ச் 10 ஆம் நாள் கலாஸ் சித்திரவதைக்கு உட்படுத்தப்பட்டு, பின் சக்கரத்தில் எலும்புகள் முறிக்கப்பட்டு மாண்டார். இறுதிவரை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புதலைப் பெறவே வகுக்கப்பட்ட முறை, அது கிடைக்காதபோதும் தண்டனையைத் தடுக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

செய்தியறிந்த வோல்டேர் தாமே விசாரிக்கத் தொடங்கினார். 1763 இல் வெளிவந்த சமயப் பொறை பற்றிய நூலில் அவர் எழுப்பிய வினாக்கள் எளியவை. அறுபது வயதைக் கடந்த ஒருவர், வலிமைமிக்க இளைஞர் ஒருவரைத் தனியே தூக்கிலிட இயலுமா? பிறர் உதவினர் எனின், அன்று அவ்வீட்டில் இருந்த அனைவருமே குற்றவாளிகள் அல்லரோ? அவர்களுள் கத்தோலிக்கப் பணிப்பெண்ணும் ஒருத்தி. கலாஸின் மற்றொரு மகன் கத்தோலிக்கராக மாறத் துணைநின்றவள் அவளே. அவள் இக்கொலைக்கு எவ்வாறு உடன்பட்டிருப்பாள்? 1765 மார்ச் 9 ஆம் நாள், கலாஸ் குற்றமற்றவர் எனப் பாரிசில் தீர்ப்பாயிற்று.

பெக்காரியாவின் வாதம்

ஒரு வழக்கின் தவற்றிலிருந்து முறையின் தவற்றை நோக்கி விவாதத்தைத் திருப்பியவர், இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த செசரே பெக்காரியா. 1764 இல், இருபத்தாறு வயதில், தம் பெயரிடாமலே குற்றங்களும் தண்டனைகளும் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். குற்றம் உறுதியாயின், சட்டம் வகுத்த தண்டனையே போதும், சித்திரவதை தேவையில்லை. உறுதியாகவில்லையெனின், குற்றமற்றவராக இருக்கக்கூடிய ஒருவரை வருத்துதல் முறையன்று. மேலும், வலியைத் தாங்கும் ஆற்றலுக்கும் உண்மைக்கும் தொடர்பில்லை. உடல்வலிமை மிக்க குற்றவாளி தப்பிப்பான், வலிமையற்ற நிரபராதி ஒப்புக்கொள்வான். அவர் வாதத்தின் சாரம் இதுவே.

பிரஷ்யாவில் இரண்டாம் பிரடெரிக் 1740 லேயே சில குற்றங்கள் நீங்கலாகச் சித்திரவதையைத் தடுத்திருந்தார். ஆஸ்திரியா 1776 இல் அதனைக் கைவிட்டது. பிரான்சில் விசாரணையின்போது நிகழ்ந்த வகை 1780 இலும், எஞ்சிய வகை 1789 இலும் நீக்கப்பட்டன. சட்ட வரலாற்றறிஞர் ஜான் லாங்பைன் இதற்கு வேறொரு காரணமும் காட்டுவார்: முழுச்சான்று இல்லாதபோதும் மரணத்திற்குக் குறைந்த தண்டனைகளை வழங்கும் வழக்கம் முன்பே வளர்ந்துவிட்டதால், நீதிபதிகளுக்கு ஒப்புதலின் தேவை குறைந்திருந்தது. இவ்விளக்கம் சிந்தனையாளரின் பங்கினை அழித்துவிடுவதில்லை. நிறுவனம் மாறத் தக்க நிலையை அடைந்திருந்த காலத்தில் கருத்து அதனைப் பற்றிக்கொண்டது என்று நாம் கொள்ளலாம்.

எல்லையும் பின்னடைவும்

1789 ஆகஸ்டு 26 ஆம் நாளின் உரிமைப் பிரகடனம், குற்றம் உறுதியாகும்வரை எவரும் நிரபராதியே என அறிவித்தது. ஆனால், ஐந்தாண்டுகளுக்குள், 1794 ஜூன் மாதச் சட்டம் ஒன்று, புரட்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞரின் துணையைப் பறித்து, விடுதலை அல்லது மரணம் என்னும் இரண்டே தீர்ப்புகளை விட்டுவைத்தது. பிரெஞ்சுத் தீவுகளின் அடிமைகளையோ 1789 இன் பிரகடனம் விடுவிக்கவில்லை. சேன் தொமிங்கில் 1791 இல் அவர்களே கிளர்ந்தெழுந்த பின்னரே, 1794 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1802 இல் நெப்போலியன் அதனை மீண்டும் அனுமதித்தார்.

நம்மைத் தொட்ட வரலாறு

இவ்வரலாறு தமிழரையும் தொட்டது. சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சித்திரவதையை ஆராய்ந்த குழு 1855 இல் அறிக்கை அளித்தது. வரி தண்டவும் ஒப்புதல் பெறவும் உழவரின் விரல்களைக் கிட்டியில் இட்டு நெரித்ததும், அண்ணாந்தாள் என்னும் முறையில் உடலை வளைத்துக் கட்டியதும் அதில் பதிவாயின. பழி உள்நாட்டு அலுவலர்மேல் சுமத்தப்பட்டது. அவர்கள் தண்டிய வரியோ கும்பினி அரசுக்குரியது. பின்னர் 1872 இன் இந்தியச் சாட்சியச் சட்டம், காவல்துறையினரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு எதிரான சான்றாக ஏற்கலாகாது என்றது. பெக்காரியாவின் வழிவந்த பெந்தமின் சிந்தனைத் தாக்கத்துடன் மெக்காலே வரைந்து, 1860 இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், 1872 இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்திற்கும் அடிப்படையாயிற்று.

மாணவர்க்கு இக்காலத்தைக் கற்பிக்கும்போது, பெயர்களையும் ஆண்டுகளையும் தாண்டி இரு செய்திகளை நாம் வலியுறுத்தலாம். பகுத்தறிவு என்பது, 'இது எப்படி உறுதியாயிற்று?' என்று அதிகாரத்தை நோக்கிக் கேட்கும் துணிவு. அவ்வினாவால் பெற்ற உரிமை, எழுதப்பட்ட சட்டமாக நின்றாலும், அதனைக் காப்போர் இல்லையெனின் சில ஆண்டுகளிலேயே பறிபோகும். 1794 அதற்குச் சான்று.